இணைய அஞ்சலும் இல்லக் கணிப்பொறியும்

முன்னுரை

ஓலை, முடங்கல், திருமுகம், மடல், கடிதம், அஞ்சல் என ஒரு பொருளுக்குப் பல பெயர் சூட்டி மகிழ்ந்த மொழி தமிழ். ஒரு பொருள் மக்கள் வாழ்வோடு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் பெயர்களும் பெருகும். அப்பெயர் வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது மின்னஞ்சல். 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பின் வழியே ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு மடல் அனுப்பிக் காட்டினார். பெறுபவரின் பெயரையும் அவருடைய கணிப்பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட ‘அட்’ என்னும் குறியை நடுவே இட்டவரும் அவரே. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு கிடைத்தது 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள். அதற்கு அடுத்த ஆண்டு, 1996 ஜூலை 4 அன்று, சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினர். எந்த ஊரில், எந்தக் கணிப்பொறியில் அமர்ந்தாலும் உலாவியைத் திறந்து தம் மடலைப் படிக்கும் வசதி அதனால் பரவியது. 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனத்தின் ஜிமெயில் வந்தது. இன்று நம்மில் பெரும்பாலோர் மின்னஞ்சல் என்றாலே இவ்வகை இணைய அஞ்சலையே கருதுகிறோம்.

இவ்வசதியின் பயனை யாரும் மறுக்கவியலாது. ஆயினும் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். உலாவியில் நாம் படிக்கும் மடல் நம் வீட்டில் இல்லை. பிறர் வீட்டுப் பேழையில் இருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம், அவ்வளவே. அம்மடல்களை நம் இல்லக் கணிப்பொறிக்கும் கொண்டுவந்து, படித்து, எழுதி, காத்து வைக்கும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் இழப்பின் பாடம்

இப்பொருளைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்தில் என் நெறியாளர் வெளியூரில் இருந்தார். இயல் இயலாக நான் எழுதி அனுப்புவேன். அவர் வரி வரியாகத் திருத்தி மின்னஞ்சலில் விடை எழுதுவார். ஒரு பாடவேறுபாட்டைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய மடலும் அவற்றுள் இருந்தது. நான் பணியாற்றிய இடத்தில் இருந்த ஒரு பழைய கணிப்பொறியில் என் அஞ்சல் கணக்கை இணைத்து வைத்திருந்தேன். இணைக்கும்போது திரையில் தோன்றிய கேள்விகளைப் படிக்காமலே ‘சரி, சரி’ என அழுத்திச் சென்றேன். ஒரு கோடை விடுமுறையில் அக்கணிப்பொறியின் வன்தட்டு பழுதாயிற்று. ‘கணிப்பொறிதானே போயிற்று, மடல்கள் இணையத்தில் இருக்கும்’ என்று எண்ணி உலாவியைத் திறந்தேன். உள்பெட்டி வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு மடலையும் இறக்கியவுடன் மூலத்தை அழித்துவிடும் முறையில் அக்கணக்கு அமைந்திருந்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன். நெறியாளரிடம் மீண்டும் கேட்கலாம் என்றால், அவர் அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் காலமாகியிருந்தார்.

அன்று நான் படிக்காமல் விட்டது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி என்ன கூறியது என்பதை விளங்கிக்கொள்ள, அஞ்சல் பயணம் செய்யும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

மூன்று நெறிமுறைகள்

இணையத்தில் எப்போதும் விழித்திருந்து நம் மடல்களைப் பெற்று வைக்கும் பெருங்கணிப்பொறியை ‘வழங்கி’ என்கிறோம். நம் மேசைக் கணிப்பொறியில் உள்ள அஞ்சல் மென்பொருள் அவ்வழங்கியோடு பேச வேண்டும். அப்பேச்சுக்கு வகுக்கப்பட்ட இலக்கணமே நெறிமுறை எனப்படுவது. அஞ்சலுக்கு உரியவை மூன்று.

முதலாவது எஸ்.எம்.டி.பி. இது மடலை அனுப்புவதற்கு மட்டும் உரியது. 1982இல் ஜான் போஸ்டல் என்பவரால் வரையறுத்து வெளியிடப்பட்டது. தெருமுனையில் நிற்கும் சிவப்புப் பெட்டியைப் போன்றது இது. மடலை அதில் இடலாம். அதிலிருந்து எடுக்க முடியாது.

இரண்டாவது பாப். 1984இல் தோன்றி, மூன்றாம் வடிவில் நிலைபெற்றது. அஞ்சலகத்தில் நம் பெயரில் சேர்ந்திருக்கும் மடல்களை ஒரு பையில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவருவது இதன் இயல்பு. அள்ளிய பின் அங்கே ஒன்றும் மிஞ்சாது. இணையத் தொடர்புக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் செலுத்திய காலத்தில், தொலைபேசி வழியே இணைந்து, மடல்களை இறக்கிக்கொண்டு, உடனே தொடர்பைத் துண்டித்துவிட்டுப் பொறுமையாகப் படிப்பதற்கு இம்முறை பெரிதும் உதவியது. ‘வழங்கியிலும் ஒரு படி விட்டுவைக்கவும்’ என்னும் தேர்வு பின்னர் மென்பொருள்களில் இடம்பெற்றது. நான் படிக்காமல் விட்ட வரி அதுவே.

மூன்றாவது ஐமேப். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் என்பவர் 1986இல் உருவாக்கியது. இதில் மூலமடல் வழங்கியிலேயே இருக்கும். நம் கணிப்பொறி அதன் நிழலைத் தாங்கி நிற்கும். இங்கே படித்தால் அங்கேயும் படித்ததாகப் பதிவாகும். இங்கே ஒரு கோப்புறை அமைத்தால் அங்கேயும் அமையும். வீட்டுக் கணிப்பொறி, கல்லூரிக் கணிப்பொறி, கைப்பேசி ஆகிய மூன்றிலும் ஒரே காட்சியைக் காணலாம். இக்காலத்துக்கு ஏற்ற முறை இதுவே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நிழலும் மூலமும் ஒன்றையொன்று பின்பற்றுவதால், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அங்கே அழித்தால் இங்கும் மறையும். எனவே ஐமேப் முறையில் இணைத்துவிட்டதாலேயே மடல்கள் பாதுகாப்பாகிவிட்டன என்று கொள்ளுதல் பிழை. இதனைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

அஞ்சல் மென்பொருள்கள்

மேசைக் கணிப்பொறிக்கான அஞ்சல் மென்பொருள்களுள் ஒன்றின் பெயர் வரலாறு தமிழ்த்துறையினர்க்குச் சுவையளிக்கும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் 1988இல் உருவாக்கிய மென்பொருளுக்கு யூடோரா என்று பெயர். அஞ்சலகத்தையே வீடாகக் கொண்டு வாழப் போன ஒரு பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதிய யூடோரா வெல்ட்டி என்னும் அமெரிக்க எழுத்தாளரின் பெயரே அது. கணிப்பொறியாளர் ஒருவர் கதாசிரியர்க்குச் செய்த சிறப்பு எனலாம்.

யூடோரா இன்று வழக்கிழந்தது. இப்போது பரவலாக உள்ளவை மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அவுட்லுக், ஆப்பிள் கணிப்பொறிகளில் உள்ள மெயில், மோசில்லாவின் தண்டர்பேர்டு ஆகியன. இவற்றுள் தண்டர்பேர்டின் முதல் முழுப்பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. விலையின்றிக் கிடைப்பது; விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குவது; அதன் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். மாணவர்க்கும் கல்லூரிக்கும் ஏற்றது என்பதால், ஜிமெயில் கணக்கு ஒன்றைத் தண்டர்பேர்டில் இணைக்கும் முறையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மற்ற மென்பொருள்களிலும் படிகள் ஏறத்தாழ இவையே.

இணைக்கும் முறை

1. மோசில்லாவின் தண்டர்பேர்டு வலைத்தளத்திலிருந்தே மென்பொருளை இறக்கி நிறுவுக. வேறு தளங்களில் கிடைக்கும் படிகளை நம்புதல் வேண்டா.

2. முதன்முறை திறந்ததும் கணக்கு அமைக்கும் பக்கம் தோன்றும். உங்கள் பெயரையும் முழு மின்னஞ்சல் முகவரியையும் இடுக. இங்கு இடும் பெயரே மடலைப் பெறுபவர் திரையில் தோன்றும். ஆதலால் விளையாட்டுப் பெயர் வேண்டா. விண்ணப்பத்தில் எழுதும் பெயரையே எழுதுக.

3. தொடர்க என்னும் பொத்தானை அழுத்தினால், முகவரியின் பின்பகுதியைக் கொண்டு அதற்குரிய வழங்கிகளை மென்பொருள் தானே தேடிக் கண்டுபிடிக்கும். ஐமேப், பாப் என்னும் இரண்டையும் காட்டி எது வேண்டும் என வினவும். ஐமேப் என்பதைத் தேர்ந்தெடுக்க.

4. இப்போது கூகுளின் நுழைவுப் பக்கம் தனிச் சாளரமாகத் திறக்கும். கடவுச்சொல்லை அங்கே இடுக. கைப்பேசிக்குச் சரிபார்ப்புச் செய்தி வரின் அதற்கும் விடையளிக்க. பின்னர், தண்டர்பேர்டு உங்கள் அஞ்சலைக் கையாள இசைவு தருகிறீர்களா என்று கேட்கப்படும். இசைவளித்ததும் கணக்கு இணைந்துவிடும்.

5. சில நிமிடங்களில் மடல்கள் வரிசையாக வரத் தொடங்கும். பல்லாண்டு மடல்கள் இருப்பின் முழுவதும் வந்து சேர நேரமாகும். இடையில் நிறுத்தினாலும் பழுதில்லை; விட்ட இடத்திலிருந்து தொடரும்.

6. கணக்கு அமைப்புகளில் ‘ஒத்திசைவும் சேமிப்பும்’ என்ற பொருள்படும் பகுதியைத் திறந்து, இக்கணக்கின் மடல்களை இக்கணிப்பொறியில் வைத்திருக்கவும் என்னும் தேர்வு குறியிடப்பட்டுள்ளதா எனக் காண்க. இருந்தால் இணையத் தொடர்பு இல்லாத வேளையிலும் படிக்கலாம், விடை எழுதி வைக்கலாம். தொடர்பு கிடைத்ததும் அவ்விடைகளை அனுப்பலாம்.

மென்பொருளின் பதிப்புக்கேற்பத் திரையின் தோற்றம் சற்று மாறக்கூடும். செய்யும் செயல் மாறாது.

கையால் அமைத்தல்

மென்பொருளால் தானே கண்டுபிடிக்க இயலாதபோது நாமே விவரங்களை இடவேண்டும். கீழே தமிழ் எழுத்தில் தரும் முகவரிகளைத் திரையில் ஆங்கில எழுத்தில் இடுக.

வரும் அஞ்சல்: ஐமேப்.ஜிமெயில்.காம்; போர்ட் எண் 993; பாதுகாப்பு எஸ்.எஸ்.எல். அல்லது டி.எல்.எஸ்.

செல்லும் அஞ்சல்: எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், போர்ட் எண் 465, பாதுகாப்பு எஸ்.எஸ்.எல். அல்லது டி.எல்.எஸ்.; அன்றேல் போர்ட் எண் 587, பாதுகாப்பு ஸ்டார்ட்-டி.எல்.எஸ்.

பயனர் பெயர்: முழு மின்னஞ்சல் முகவரி. முன்பகுதி மட்டும் போதாது.

அடையாளம் உறுதிசெய்யும் முறை: ஓஆத் 2.

போர்ட் என்பது வழங்கியின் வாயில். ஒரு பெரிய மாளிகைக்கு எண்ணிட்ட பல வாயில்கள் இருப்பதாகக் கருதுக. 993ஆம் வாயில் வழியே செல்லும் அஞ்சல் மறையாக்கம் பெற்றுச் செல்கிறது. இடையில் ஒருவர் ஒட்டுக்கேட்டாலும் பொருள் விளங்காது. 143ஆம் வாயில் பழையது. மறையாக்கத்தைத் தனியே தொடங்கவில்லையெனில் அதன்வழி செல்லும் மடல் அஞ்சலட்டையைப் போல் எவர் கண்ணுக்கும் திறந்தே இருக்கும்.

கடவுச்சொல் ஏன் ஏற்கப்படுவதில்லை?

பழைய முறையில் இணைக்க முற்படுவோர் அனைவரும் கூறும் குறை ஒன்று உண்டு. ‘கடவுச்சொல் சரியாகவே உள்ளது, உலாவியில் நுழைகிறது, மென்பொருளில் மட்டும் தவறு என்கிறது’ என்பர். குறை அவர்களிடம் இல்லை. கடவுச்சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு நுழையவிடும் வழக்கத்தைக் கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் தன் அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பரில் அவ்வாறே செய்தது.

அதற்குப் பதிலாக வந்ததே ஓஆத் என்னும் முறை. வீட்டின் தலைச்சாவியை வேலையாளிடம் கொடுத்தால் அவன் எல்லா அறைகளையும் திறக்கலாம். சாவியைப் படியெடுத்தும் வைக்கலாம். அதனை விடுத்து, அஞ்சல் அறைக்கு மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டு ஒன்றைக் கொடுத்தால், வேண்டாதபோது அச்சீட்டை மட்டும் செல்லாததாக்கிவிடலாம். தலைச்சாவி நம் கையிலேயே இருக்கும். நான்காம் படியில் நாம் அளித்த இசைவு இத்தகைய சீட்டே.

இம்முறையை அறியாத பழைய மென்பொருளை வைத்திருப்போர், கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்திக்கொண்டு, 16 எழுத்துகள் கொண்ட ‘செயலிக் கடவுச்சொல்’ ஒன்றைப் பெற்று அதனை இடலாம். முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் இச்செயலிக் கடவுச்சொற்கள் செல்லாமற் போகும். மீண்டும் புதிதாகப் பெற வேண்டும்.

வழக்கமான இடர்களும் தீர்வுகளும்

மடல் வருகிறது, ஆனால் அனுப்ப இயலவில்லை என்றால், வரும் அஞ்சலுக்கும் செல்லும் அஞ்சலுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு என்பதை நினைவிற்கொண்டு எஸ்.எம்.டி.பி. விவரங்களைச் சரிபார்க்க. கல்லூரி, அலுவலக வலையமைப்புகள் சிலவற்றில் குறிப்பிட்ட வாயில்கள் அடைக்கப்பட்டிருப்பதும் உண்டு. 465க்கு மாற்றாக 587ஐ முயன்று பார்க்கலாம்.

ஒரே மடல் இருமுறை தோன்றுவது கண்டு திகைக்க வேண்டா. ஜிமெயிலில் கோப்புறை என்பது உண்மையில் ஒட்டப்பட்ட ஒரு சீட்டே. ஒரே மடல் உள்பெட்டியிலும் ‘அனைத்து அஞ்சல்’ என்பதிலும் காட்சி தரும். இரண்டும் ஒன்றே என்பதறியாமல் ‘மிகுதியாக உள்ளதே’ என்று அழிக்கத் தொடங்கினால் மூலத்தையே இழக்க நேரலாம்.

சான்றிதழ் பிழை என்னும் எச்சரிக்கை தோன்றினால், முதலில் கணிப்பொறியின் நாளையும் நேரத்தையும் பார்க்க. பழைய கணிப்பொறிகளில் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால் நாள்காட்டி பின்னோக்கிப் போய்விடும். பல ஆண்டுகளுக்கு முந்தைய நாளைக் காட்டும் கணிப்பொறிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்றாகத் தோன்றும்.

புதிய மடல்கள் வருவது நின்றுவிட்டால் இடம் நிறைந்திருக்கலாம். கூகுள் விலையின்றித் தரும் 15 ஜிகாபைட் இடம் அஞ்சலுக்கு மட்டும் உரியதன்று; படங்களும் ஆவணங்களும் அதே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

மடல்களைக் காத்தல்

ஐமேப் நிழல் காப்பாகாது என முன்னர்க் கண்டோம். உண்மையான காப்புக்கு ஒரு வழி, தண்டர்பேர்டின் இடப்புறத்தில் ‘லோக்கல் போல்டர்ஸ்’ என்று காணப்படும் பகுதி. அதனுள் ஒரு கோப்புறை அமைத்து, வேண்டிய மடல்களை அதற்குள் படியெடுத்து வைக்கலாம். ‘நகர்த்து’ என்பதையன்றி, ‘படியெடு’ என்பதையே தேர்க. அப்பகுதி வழங்கியோடு தொடர்பற்றது. இணையக் கணக்கே அழிந்தாலும் அது நிலைக்கும். ஆனால் அதுவும் ஒரு கணிப்பொறிக்குள்தான் உள்ளது. எனவே மாதம் ஒருமுறை தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன் விவரக் கோப்புறை முழுவதையும் ஒரு வெளி வன்தட்டில் படியெடுத்து வைத்தல் நன்று. அம்மடல்கள் பெரும்பாலும் எம்பாக்ஸ் என்னும் எளிய வடிவில் சேமிக்கப்படுகின்றன. ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிய வடிவன்று ஆதலால், நாளை வேறு மென்பொருள் வந்தாலும் திறந்து படிக்க வழியுண்டு.

இது வீண் அச்சமன்று. ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. மறைந்த ஒருவருடைய மடல்களை அவர் மக்கள் தேடும் வேளையில் அக்கணக்கே இல்லாமற் போகலாம்.

தமிழ் மடல்களுக்கு மற்றோர் இடரும் உண்டு. தொண்ணூறுகளில் எழுதப்பட்ட மடல்கள் பல்வேறு எழுத்துரு முறைகளில் அமைந்தவை. அவ்வெழுத்துரு இல்லையேல் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். தமிழ் 1991லேயே யூனிகோடில் இடம்பெற்றுவிட்ட போதிலும், தமிழக அரசு அதனை ஏற்றது 2010இல்தான். பழைய மடல்களை வைத்திருப்போர், படிக்க இயலும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது அறிவுடைமை.

பெரியோர்க்கும் மாணவர்க்கும்

நம் ஊர்ப் பெரியோர்களில் பலர் தம் மின்னஞ்சலைத் தாமே தொடங்கியவர் அல்லர். பேரனோ, கணினி மையத்தில் இருந்த இளைஞரோ தொடங்கிக் கொடுத்திருப்பர். கடவுச்சொல் அவர்களுக்கே தெரியும்; மீட்புக்கான கைப்பேசி எண்ணும் அவர்களுடையதாகவே இருக்கும். கடல் கடந்து வாழும் மகனிடமிருந்து வரும் ஆவணம், வங்கி அறிவிப்பு, ஓய்வூதியச் செய்தி அனைத்தும் அக்கணக்குக்கே வருகின்றன. தண்டர்பேர்டில் இணைக்க முற்படும் நாளே இதனைச் சீர்செய்ய நல்ல நாள். கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு எண்ணைத் தம்முடையதாக்கிக்கொள்க. இதற்குத் துணைநிற்கும் மாணவர், கடவுச்சொல்லைப் பெரியவரே இடுமாறு செய்து, அவ்வேளையில் தம் முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொள்வாராக.

பொதுக் கணிப்பொறியில் எக்காரணம் கொண்டும் அஞ்சல் கணக்கை இணைத்தல் கூடாது. உலாவியில் வெளியேறிவிடலாம், மேசை மென்பொருளிலோ மடல்கள் அங்கேயே தங்கிவிடும். தண்டர்பேர்டில் ‘முதன்மைக் கடவுச்சொல்’ என்றொரு வசதி உண்டு. அது சேமித்த கடவுச்சொற்களைக் காக்குமேயன்றி, இறக்கிய மடல்களைப் பூட்டாது. ஆதலால் கணிப்பொறிக்கே தனி நுழைவுக் கடவுச்சொல் அமைத்தல் இன்றியமையாதது. கணிப்பொறியை விற்கும் முன்னும் பிறர்க்கு அளிக்கும் முன்னும் கணக்கை நீக்கி, இறக்கிய மடல்களையும் அழித்து, கூகுள் கணக்கின் பக்கத்தில் தண்டர்பேர்டுக்கு அளித்த இசைவையும் திரும்பப் பெறுக.

முடிவுரை

அனுப்ப எஸ்.எம்.டி.பி.; எடுத்துச் செல்லப் பாப்; ஒத்திருக்க ஐமேப்; காத்து வைக்க நம் சொந்தப் படி. இந்நான்கும் நினைவில் இருந்தால் மென்பொருளின் பெயர் மாறினாலும் நாம் தடுமாற வேண்டியதில்லை. முன்னோர் தம் கடிதங்களைக் கம்பியில் கோத்து உத்தரத்தில் தொங்கவிட்டனர். கறையான் அரித்தவை போக எஞ்சியவற்றைக் கொண்டே அவர்தம் வாழ்வை இன்று நாம் அறிகிறோம். நம் மடல்களைக் கறையான் அரிக்காது; நம் கவனக்குறைவே அரிக்கும்.

இவ்விதழைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் இம்மாதத்துக்குள் இரண்டு கணக்குகளை இணைத்து முடிப்பாராக. ஒன்று தம்முடையது, மற்றொன்று தம் இல்லத்துப் பெரியவர் ஒருவருடையது. இணைக்கும்போது திரையில் தோன்றும் ஒவ்வொரு வரியையும் படித்த பின்னரே ‘சரி’ என அழுத்துவாராக. என் நெறியாளரின் மடல்களுள் எனக்கு எஞ்சியது ஒன்றே. ஏதோ ஒரு நாள் நான் அச்செடுத்து வைத்திருந்த தாள் அது. மூன்று பக்க மடலின் இரண்டாம் பக்கம். முன்னும் பின்னும் இல்லை.